பெர்த் டு லண்டன்... வழி: மதுரை!

ஒரு சின்ன வேலை பாஸ். ஒரு உலக உருண்டை வேணும். ஸ்கூல் படிக்கிற தம்பி, தங்கச்சி இருக்கிற வீடுன்னா அலமாரிக்கு மேல ஒண்ணு தூசி படிஞ்சு உட்கார்ந்திருக்கும், எடுத்துத் துடைச்சுக்கோங்க. கூடவே ஒரு முழம் நூல். நூலோட ஒரு முனையை ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில இருக்கிற பெர்த் நகரத்து மேல வெச்சு கட்டைவிரலால அழுத்துங்க. இன்னொரு முனை லண்டனுக்கு. இப்போ தொய்வு இல்லாம டைட்டா இழுத்துப் பிடிங்க. நூல் எந்தெந்த ஊர் மேல போகுதுன்னு குனிஞ்சு பாருங்க.

இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, இலங்கையின் தென்கிழக்கு மூலையில கரையேறி, மன்னார் வளைகுடாவைக் கடந்து... அட, நம்ம மதுரை! அங்கிருந்து கோவை பக்கமா நீலகிரியை உரசிக்கிட்டு கர்நாடகாவுக்குள்ள போய், அரபிக்கடல்ல இறங்குது. பாதி தூரம் எங்கே வருதுன்னா, மும்பைக்குத் தெற்கே நடுக்கடல்ல.

பெர்த்துக்கும் லண்டனுக்கும் சம்பந்தமே இல்லாம நாம நடுவுல மாட்டிக்கிட்ட கதை இது. சுவர்ல தொங்குற தட்டையான மேப்ல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டா இப்படி வராது. அந்தக் கோடு மாலத்தீவுக்கும் மேற்கே போய், ஓமன், சவுதி பாலைவனம்னு ஒட்டகப் பாதையில போகும். பார்க்க நேர்கோடு. ஆனா நூல் காட்டுற வழியைவிட சுமார் 250 கிலோமீட்டர் கூடுதல். உருண்டையை உரிச்சுத் தட்டையா விரிச்சதால வந்த கோளாறு அது. உருண்டை மேல இரண்டு ஊருக்கு நடுவுல இருக்கிற ஆகக் குறைந்த தூரம் எதுவோ, அதுதான் ஏர்போர்ட் டு ஏர்போர்ட் தூரம்னு எல்லாரும் சொல்றது. பெர்த் - ஹீத்ரோ கணக்கு சுமார் 14,500 கிலோமீட்டர்.

எவ்வளவு தூரம்னு மனசுல பதியணுமா? சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ரோட்டுல சுமார் 700 கிலோமீட்டர். போயிட்டு வந்து, போயிட்டு வந்து, பத்து ரவுண்டு முடிச்ச பிறகும் இன்னும் 500 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். அதை எங்கேயும் இறங்காம ஒரே மூச்சுல பறக்கிற சர்வீஸை குவாண்டாஸ் நிறுவனம் 2018 மார்ச் 24-ம் தேதி தொடங்குச்சு. ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நடுவுல நிற்காம போன முதல் பயணிகள் சர்வீஸ் அதுதான். விமானம் போயிங் 787-9. நேரம் சுமார் 17 மணி 20 நிமிஷம்.

சரி, இங்கேதான் மேட்டர் ஆரம்பிக்குது.

787-ஓட சராசரி வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. 14,500-ஐ 900-ஆல வகுத்தா 16 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. எட்டாங்கிளாஸ் கணக்கு. அப்போ பாக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல எங்கே போச்சு? யார் சாப்பிட்டது?

கொஞ்சத்தை ஏர்போர்ட்டே சாப்பிடுது. டிக்கெட்ல போட்டிருக்கிற நேரம், விமானம் ஆகாயத்துல இருக்கிற நேரம் இல்லை. வாசல்லேருந்து வண்டியைப் பின்னாடி தள்ளுற நொடியில தொடங்கி, இன்னொரு ஊர்ல போய் வாசல்ல நிற்கிற வரைக்கும் உள்ள நேரம். 'பிளாக் டைம்'னு சொல்வாங்க. ரன்வேக்கு ஊர்ந்து போறது, க்யூவுல நிற்கிறது, ஹீத்ரோ மாதிரி பிஸியான இடத்துல இறங்க இடம் கிடைக்காம மேலேயே வட்டம் போடுறது எல்லாம் இதுல அடக்கம்.

மீதியைச் சாப்பிடுறது காத்து.

ஹாஸ்டல்ல ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல கண்டிப்பா ஒருத்தன் இந்தக் கேள்வியைக் கேட்பான்: “மச்சி, பூமிதான் மேற்கிலிருந்து கிழக்கா சுத்துதே... ஹெலிகாப்டர்ல மேல போய் சும்மா நின்னா லண்டன் தானா கீழே வந்துடாதா?” வராது. வைகை எக்ஸ்பிரஸ் ஓடிட்டிருக்கும்போது உள்ளே எம்பிக் குதிச்சுப் பாருங்க. அடுத்த பெட்டியிலயா போய் விழறீங்க? குதிச்ச இடத்துலதான் விழுவீங்க. ரயிலுக்குள்ள இருக்கிற நீங்களும் காத்தும் ரயிலோடவே ஓடுற மாதிரி, பூமியைச் சுத்தி இருக்கிற காத்து மண்டலமும் பூமியோட சேர்ந்தே சுத்துது.

ஆனா அந்த ஹாஸ்டல் விஞ்ஞானியை முழுசா ஓட்டிடாதீங்க. பூமி சுத்துறதுக்கும் இதுக்கும் வேற விதத்துல சம்பந்தம் இருக்கு. நடுக்கோட்டுப் பக்கம் சூடான காத்து துருவங்களை நோக்கி நகரும்போது, பூமியின் சுழற்சியால கிழக்குப் பக்கமா திரும்பிடுது. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்துல அது ஒரு ஆறு மாதிரி ஓடும். ஜெட் ஸ்ட்ரீம். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகமெல்லாம் அதுக்குச் சாதாரணம். விமானங்கள் பறக்கிற உயரமும் அதேதான். கிழக்கே போறவனுக்கு முதுகுல தள்ளிவிடும். மேற்கே போறவனை நெஞ்சுல கை வெச்சுத் தடுக்கும். அதனாலதான் பெர்த்திலிருந்து லண்டன் போறதைவிட, லண்டனிலிருந்து பெர்த் வர்றது சீக்கிரம். தூரம் ஒரு மீட்டர்கூட மாறலை, நேரம் மாறுது.

இதை நம்ம ஆளுங்க எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு சொல்லியே ஆகணும். டெல்லி டு சான் ஃபிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா முதல்ல மேற்குப் பக்கமா, அட்லாண்டிக் வழியா போய்ட்டிருந்தது. சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபர்ல ஒரு நாள் வண்டியை அப்படியே திருப்பி, கிழக்குப் பக்கமா பசிபிக் கடல் மேல ஓட்டினாங்க. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆனா போய்ச் சேர்ந்தது சுமார் 14½ மணி நேரத்துல; பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் குறைவு! அதிக தூரம், கம்மி நேரம். ஊரைச் சுத்திக்கிட்டு பைபாஸ்ல போய் முதல்ல சேர்ற ஆட்டோ மாதிரி. மொபைல்ல இரண்டு ஊர் பேரைத் தட்டினா தூரத்தை வேகத்தால வகுத்து ‘இத்தனை மணி நேரம்'னு டக்குன்னு பதில் வருதே, அதை முழுசா நம்ப வேண்டாம்னு சொல்றது இதனாலதான்.

இன்னொரு குழப்பம், கடிகாரம். மாலை 6.45-க்கு பெர்த்ல ஏறினா மறுநாள் காலை 5.05-க்கு லண்டன். அட, பத்து மணி சொச்சம்தானேன்னு தோணும். வெயில் காலத்துல லண்டன் கடிகாரம் பெர்த்தைவிட 7 மணி நேரம் பின்னால ஓடுது. அதைக் கூட்டினா 17 மணி 20 நிமிஷம் வந்துடும். இதையே மேற்கிலிருந்து கிழக்கே போற டிக்கெட்ல பார்த்தா ‘என்னடா ஒரு நாள் பூரா பறக்குது'ன்னு பயமா இருக்கும். ஃபாரின் யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணி, முதல் தடவை டிக்கெட் பார்க்கிறவங்க கொஞ்சம் நிதானிச்சுக் கணக்குப் போடுங்க. ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட வர்ற சித்தப்பாவுக்குத் தப்பான தேதியைச் சொல்லிடாதீங்க.

அடுத்து பெட்ரோல். அதாவது, விமான எரிபொருள். டூ வீலர்ல ரிசர்வ் விழுந்தா தள்ளிக்கிட்டுப் போகலாம், இங்கே முடியாது. 787-9 டேங்க் நிரம்பினா சுமார் 1,26,000 லிட்டர். எடை 100 டன். ஒரு யானை 4 டன்னுன்னு வெச்சா 25 யானை! விமானம், ஆளுங்க, பெட்டி படுக்கை எல்லாம் சேர்த்து அது தூக்கக்கூடிய மொத்த எடையே 254 டன்தான். பத்துக்கு நாலு பங்கு எரிபொருளுக்கே போயிடுது. இதுல கொடுமை என்னன்னா, கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தேவையான எரிபொருளை முதல் 16 மணி நேரம் சும்மா சுமந்துக்கிட்டே பறக்கணும். சுமக்கிறதுக்கும் எரிபொருள் செலவு. ஊருக்குப் போறப்ப அம்மா கட்டிக்கொடுத்த சோத்து மூட்டை கனக்குதேன்னு, அதைத் தூக்கிட்டு நடக்கிற தெம்புக்காக அதிலிருந்தே அள்ளிச் சாப்பிடுற கதை. அதனால குவாண்டாஸ் இந்த விமானத்துல 236 சீட்தான் வெச்சுது. இதே மாடல்ல 290 பேருக்கு மேலகூட ஏத்தலாம்.

ஆக, 14,500 கிலோமீட்டர்ங்கிறது அந்த விமானத்துக்கு ரொம்ப விளிம்புல நிற்கிற தூரம். இன்னும் கொஞ்சம் கூடினா தாங்காது. யாராவது ‘கொஞ்சம் சுத்திப் போப்பா'ன்னு சொல்லிட்டா?

சொன்னாங்க.

நூலை இன்னும் கீழே வெச்சிடலையே? அரபிக்கடலுக்கு அப்புறம் அது எங்கே போகுதுன்னு பாருங்க. ஈரானுக்குள்ள தென்கிழக்கு மூலையில நுழைஞ்சு, நாட்டையே குறுக்கா வெட்டிக்கிட்டு வடமேற்குல வெளியே வருது. அப்புறம் ஆர்மீனியா, கருங்கடல், கிரிமியா, உக்ரைன். நியூஸ் பேப்பரைப் புரட்டுறவங்களுக்கு விளக்கமே வேண்டாம். விமானம் எப்பவும் நூல் மேலயே போறதில்லை. ஒவ்வொரு நாளும் காத்தைப் பார்த்து, எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்குன்னு பார்த்துப் புதுசா வழி போடுவாங்க. ஆனா நூலை விட்டு எவ்வளவு விலகுறோமோ, அவ்வளவு எரிபொருள் கூடும்.

விலகாம போனா என்ன ஆகும்னு காட்ட இரண்டு தேதி போதும். 2014 ஜூலை 17: ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் கிழக்கு உக்ரைன் மேல ஏவுகணையால சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் செத்துப்போனாங்க. அந்தச் சண்டையில அவங்க யாரோட பக்கமும் இல்லை. 2020 ஜனவரி 8: டெஹ்ரானிலிருந்து கிளம்பின உக்ரைன் விமானத்தை ஈரான் ராணுவம் சுட்டுது. 176 பேர். தவறுதலா சுட்டுட்டோம்னு மூணு நாள் கழிச்சு ஈரான் ஒப்புக்கொண்டது. அதுக்கப்புறம் எந்த கம்பெனியும் ‘பார்த்துக்கலாம்'னு சொல்லாது, சொல்லவும் கூடாது.

2022 பிப்ரவரி 24-ம் தேதி ரஷ்யா படையெடுத்ததும் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒருத்தருக்கொருத்தர் ஆகாயக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. இதுல அதிகமா அடிபட்டது பின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சிங்கி - டோக்கியோ சுமார் 9½ மணி நேரம் பறந்தவங்க, ரஷ்யாவைச் சுத்தி வடதுருவம் மேல 13 மணி நேரம் பறக்க வேண்டியதாச்சு. பயணிகள் நொந்துபோகக் கூடாதுன்னு ‘வடதுருவம் மேல பறந்தவர்'னு சர்டிஃபிகேட் வேற கொடுத்தாங்க.

நம்ம பெர்த் - லண்டனுக்கு அடி விழுந்தது 2024 ஏப்ரல்ல. ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் முட்டிக்கிட்ட நேரம். குவாண்டாஸ் ஈரான் வான்வெளியை ஒதுக்கிட்டுச் சுத்திப் போக முடிவு பண்ணுச்சு. ஆனா அவ்வளவு சுத்தணும்னா கூடுதல் எரிபொருள் வேணும். அதுக்கு ஆளைக் குறைக்கணும். அதனால பெர்த்திலிருந்து கிளம்பின விமானத்தைக் கொஞ்ச நாளைக்கு சிங்கப்பூர்ல இறக்கி, எரிபொருள் போட்டு அனுப்பினாங்க. ஆறு வருஷமா பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்த நான்-ஸ்டாப், ஒன்-ஸ்டாப் ஆயிடுச்சு. வேடிக்கை என்னன்னா, லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பி வர்ற விமானம் மட்டும் அப்பவும் எங்கேயும் நிற்காம வந்துச்சு. காரணம்? முதுகுல தள்ளுன அதே காத்து.

சண்டையால இந்த வழி அடைபடுறது இது முதல் தடவை இல்லை. முதல் கதை இதைவிட பயங்கரம். அது நம்ம பக்கத்து வீட்டுல நடந்த கதையும்கூட.

இரண்டாம் உலகப்போர். 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் ஜப்பான் கையில விழுந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானப் பாதையின் நடுப்படிக்கட்டே உடைஞ்ச மாதிரி. கடிதம் போகணும், முக்கியமான ஆளுங்க போகணும். எப்படி? இலங்கையில காலிக்குப் பக்கத்துல கொக்கலைன்னு ஒரு ஊர். கடலை ஒட்டி ஒரு ஏரி. அங்கே தண்ணியில இறங்கி ஏறுற விமானத் தளம் இருந்தது. பெர்த்ல ஸ்வான் ஆத்துலேருந்து கிளம்பி அந்த ஏரியில வந்து இறங்குறதுன்னு முடிவாச்சு. நடுவுல ஒரு திட்டு நிலம் கிடையாது. சுமார் 5,650 கிலோமீட்டர் வெறும் கடல்.

விமானம், கேட்டலீனாங்கிற பறக்கும் படகு. மொத்தம் அஞ்சு. வேகம் நம்ம ஊர் ஆம்னி பஸ்ஸைவிட இரண்டு மடங்குன்னு சொல்லலாம், அவ்வளவுதான். தேவையில்லாத சாமானையெல்லாம் கழட்டிப் போட்டு, அந்த எடைக்கும் எரிபொருளை ஏத்தினாங்க. மிஞ்சின இடத்துல மூணே மூணு பயணிகள், 69 கிலோ தபால். ஜப்பான்காரன் காதுல விழுந்துடக் கூடாதுன்னு ரேடியோவில பேசக் கூடாது. ஜி.பி.எஸ்ஸை யாரும் கனவுலகூடக் காணாத காலம். ராத்திரி நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிச்சாங்க. அதுக்கு ஏத்த மாதிரி அஞ்சு விமானத்துக்கும் நட்சத்திரங்களோட பேரையே வெச்சிருந்தாங்க: ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரஸ், ஸ்பைகா.

1943 ஜூன் கடைசியில தொடங்கின இந்த சர்வீஸ்ல ஒரு தடவை போய்ச் சேர ஆன நேரம் 27-லேருந்து 33 மணி! கிளம்பினதுக்கும் இறங்கினதுக்கும் நடுவுல சூரியன் இரண்டு தடவை உதிக்கிறதை ஆகாயத்துலேயே பார்க்கலாம். ‘டபுள் சன்ரைஸ்'னு பேரே வந்துடுச்சு. பயணம் முடிஞ்சதும் ‘இரட்டைச் சூரிய உதயத்தின் ரகசியச் சங்கம்'னு போட்ட சர்டிஃபிகேட்டைக் கையில கொடுப்பாங்க. 1945 ஜூலை வரை 271 தடவை அந்தக் கடலைத் தாண்டினாங்க. ஒரு உயிர் போகலை. அந்த இருட்டுல, அந்த வேகத்துல, எதிரியின் மூக்குக்குக் கீழே. நான் படிச்ச விமானக் கதைகள்ல என்னை எழுந்து உட்கார வெச்சது இதுதான். ஹாலிவுட்காரங்க எப்படி விட்டு வெச்சாங்கன்னு தெரியலை!

கொக்கலையை உலக உருண்டையில தேடுங்க. நம்ம நூலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான் தள்ளி இருக்கும். அதாவது, போர்க்காலத்துல வேற வழி இல்லாம பிடிச்ச அந்தப் பாதையோட முதல் கட்டம், பெர்த் - லண்டன் நேர்வழிக்கு ஏறக்குறைய மேலேயே போயிருக்கு. கொக்கலையிலிருந்து கராச்சி, அங்கிருந்து மேற்கேன்னு மாறி மாறிப் போய் லண்டன் சேர்ந்திருக்காங்க.

போர் முடிஞ்சு 1947 டிசம்பர் 1-ம் தேதி குவாண்டாஸ் சிட்னியிலிருந்து லண்டனுக்கு ரெகுலர் சர்வீஸ் ஆரம்பிச்சப்ப, கான்ஸ்டலேஷன் விமானத்துல டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலின்னு நின்னு நின்னு போனாங்க. நாலு நாள். அதுல ஆகாயத்துல இருந்தது சுமார் 55 மணி நேரம். 1989 ஆகஸ்ட்ல புது 747-400 ஒண்ணை லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரே தாவாத் தாவி கொண்டுவந்தாங்க. 20 மணி 9 நிமிஷம். ஆனா டிக்கெட் வாங்கின பயணின்னு ஒருத்தர்கூட அதுல இல்லை. காலி வண்டியாலதான் அது முடிஞ்சுது.

ஆளை ஏத்திக்கிட்டு அதையே செய்யணும்ங்கிறதுதான் இப்போதைய திட்டம். ஏர்பஸ் ஏ350-1000 விமானத்துல கூடுதலா 20,000 லிட்டர் டேங்க், 238 சீட், சிட்னி - லண்டன் அதிகபட்சம் 22 மணி நேரம். தாங்குமான்னு பார்க்க 2019-ல நியூயார்க்கிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னிக்குச் சோதனை ஓட்டம் விட்டாங்க. இரண்டுமே 19 மணி நேரத்துக்கு மேல. தலையில ஒயரை மாட்டிக்கிட்டு பைலட்டுகள் எவ்வளவு விழிப்பா இருக்காங்கன்னு பார்த்தாங்க. பயணிகளை எழுப்பி நடக்க வெச்சு, லைட்டை மாத்தி மாத்திப் போட்டு, தூக்கத்தைக் கெடுத்து ஆராய்ச்சி பண்ணினாங்க.

2027-ல தொடங்கறதா அறிவிச்சிருக்கிற அந்தத் திட்டத்துக்கு வெச்சிருக்கிற பேர், ‘ப்ராஜெக்ட் சன்ரைஸ்'. கொக்கலை ஏரியில வந்து இறங்கின அந்த அஞ்சு படகுகளோட ஞாபகமாத்தான். நூலை இன்னும் கையில வெச்சிருக்கீங்கன்னா பெர்த் முனையை மட்டும் சிட்னிக்கு நகர்த்துங்க. மதுரையைக் காணோம். சீனா, கஜகஸ்தான் வழியா நேரா ரஷ்யாவுக்குள்ள போகுது.